முப்பது வருடப் பழைய சிவப்பு ஒயினைச் சுவைப்பது எப்படி?

பழைய ஒயினில் நடக்கும் தவறுகளில் பெரும்பாதி, முதல் மடக்கு வாய்க்குள் போவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். பாட்டிலை ஆட்டிக் குலுக்கி எடுத்து வருவது, தக்கையை உடைத்து உள்ளே தள்ளிவிடுவது, காற்றுப் படட்டும் என்று மூன்று மணி நேரம் முன்பே திறந்து வைத்துவிடுவது. அதனால் இந்த விளக்கத்தில் பெரும்பகுதி, குடிப்பதற்கு முந்திய வேலைகளைப் பற்றித்தான்.

முதலில் ஒரு விஷயம். பழசானால் எல்லா ஒயினும் நன்றாகிவிடும் என்பது கட்டுக்கதை. சந்தைக்கு வருவதில் மிகப் பெரும்பாலானவை சில வருடங்களுக்குள் குடித்துவிட வேண்டியவை. பல பத்தாண்டுகள் தாங்க வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே நல்ல புளிப்பும், டானின் தரும் துவர்ப்பும், அவற்றுக்கு ஈடு கொடுக்கும் பழச்சுவையும் இருக்க வேண்டும். பிரான்ஸின் போர்தோ, பர்கண்டி ஒயின்களில் உயர்ந்தவை, இத்தாலியில் நெபியோலோ திராட்சையில் செய்யும் பரோலோ, ஸ்பெயினின் ரியோஹா கிரான் ரெசர்வா ஆகியவை அந்த வகை. 1982 அறுவடையின் நல்ல போர்தோ ஒயின்களை இன்றும் தேடிப் பிடித்துக் குடிக்கிறார்கள் என்றால், காரணம் இதுதான்.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது? இளம் ஒயினுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின்களும் துவர்ப்புத் தரும் டானின்களும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட சங்கிலிகளாகின்றன. கனம் தாங்காத சங்கிலிகள் அடியில் வண்டலாகப் படிகின்றன. நிறம் வெளுப்பதும் துவர்ப்பு மிருதுவாவதும் இதனால்தான். புளிப்பு மட்டும் அவ்வளவாகக் குறைவதில்லை. பழச்சுவை தேயத் தேய அது எடுப்பாகத் தெரியும்.

படி 1: திறக்காமலே பார்ப்பது

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். தக்கை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒயின் வெளியேறும். அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். போர்தோ வகைப் பாட்டிலுக்குக் கழுத்தும் அதன் கீழே உருண்ட தோளும் உண்டு. முப்பது வருடம் கழித்தும் மட்டம் கழுத்தின் அடியில் நின்றால் மிக நல்லது. தோளின் மேல்பகுதியில் இருந்தால் அந்த வயதுக்கு அது இயல்பு. தோளின் நடுவுக்கு வந்துவிட்டால் சந்தேகப்படலாம். அதற்கும் கீழே என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்றுப்பட்டுக் கெட்ட ஒயின்தான். பர்கண்டி பாட்டிலுக்குத் தோள் சரிவாக இருப்பதால் அங்கே தக்கையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள்.

லேபிள் கிழிந்திருப்பது, கறைபட்டிருப்பது பற்றிக் கவலை வேண்டாம். ஈரமான நிலவறையில் லேபிள் கெடும், தக்கை பிழைக்கும். தக்கை மேலே எழும்பி நின்றால்தான் விஷயம் மோசம். பாட்டில் எப்போதோ சூடாகியிருக்கிறது என்று அர்த்தம்.

படி 2: நிமிர்த்தி நிறுத்துவது

படுக்கவைத்திருந்த பாட்டிலில் வண்டல் பக்கவாட்டில் ஒட்டிக் கிடக்கும். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் இரண்டு மூன்று நாள், குளிர்ச்சியான இருட்டான இடத்தில் நிமிர்த்தி நிறுத்துங்கள். பரோலோவிலும் பழைய பர்கண்டியிலும் வண்டல் மிக நுண்மையாக இருக்கும். அவற்றுக்கு ஒரு வாரம் கொடுத்தாலும் தவறில்லை. தூரத்திலிருந்து வந்து சேர்ந்த பாட்டில் என்றால் முதலில் இரண்டு மூன்று வாரம் தொடாமல் விட்டுவிடுங்கள்.

இந்தப் படியைத் தாண்டி ஓடிவிடத்தான் எல்லோருக்கும் ஆசை. வண்டல் கலங்கிய ஒயின் கசக்கும், நாக்கில் மணல்போல நெருடும், மணமும் மங்கிப்போகும். ஊற்றும்போது கலங்கிவிட்டால் சரிசெய்ய வழியில்லை. முன்பே பொறுமையாக நிறுத்திவைத்துக் காத்திருப்பதுதான் வழி.

படி 3: வெப்பநிலையும் கோப்பையும்

16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. பர்கண்டி என்றால் ஒன்றிரண்டு டிகிரி குறைவாக. கோப்பையில் ஊற்றியதும் ஒயின் சூடேறத் தொடங்கும் என்பதால் 15, 16-இல் ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். 20-ஐத் தாண்டினால் ஆல்கஹால் நெடி மேலே வந்து, மெல்லிய மணங்களை மூடிவிடும்.

கோப்பை வயிறு அகன்று வாய் குறுகியதாக இருந்தால் போதும். அலமாரியில் கவிழ்த்து வைத்த கோப்பைக்கு மரவாசனை பிடித்திருக்கும். வெந்நீரில் அலசி, காயவைத்து, காலிக் கோப்பையை முகர்ந்து பாருங்கள். எந்த வாசனையும் வரக் கூடாது. அறையில் சென்ட், ஊதுபத்தி, சமையல் வாடை எதுவும் வேண்டாம். பல் துலக்கி, காப்பி குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

படி 4: தக்கை

கை நடுங்கும் இடம் இது. ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள தக்கையை 18, 19 மில்லிமீட்டர் கழுத்துக்குள் அழுத்தி அடைக்கிறார்கள். புதிதாக இருக்கும்போது அது விரிந்து கண்ணாடியை இறுகப் பிடிக்கும். இருபத்தைந்து, முப்பது வருடத்தில் அந்த விரியும் குணம் போய்விடும். மேலே காய்ந்து பொடியும், கீழே ஊறி நொய்ந்திருக்கும். தக்கை எடுக்கும் சாதாரணத் திருகாணியைச் சுழற்றி இழுத்தால் நடுப்பகுதி மட்டும் பிய்ந்து கையோடு வரும்.

மேலே உள்ள உறையைக் கழுத்தின் உதட்டுக்குக் கீழே வெட்டி முழுக்க நீக்குங்கள். 1990களுக்கு முந்திய பாட்டில்களில் அந்த உறை ஈயமாக இருக்கலாம். ஆகவே ஈரத்துணியால் பாட்டிலின் வாயை நன்றாகத் துடைத்துவிடுங்கள். தக்கையின் தலையில் கறுப்பாகப் பூஞ்சை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது ஈரமான நிலவறையின் அடையாளம். துடைத்தால் போயிற்று.

பழைய தக்கைக்கு ஏற்றது இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட கருவி. ஆ-சோ என்று பெயர். நீளமான தகட்டைக் கண்ணாடிக்கும் தக்கைக்கும் இடையில் முதலில் செருகி, பிறகு குட்டைத் தகட்டைச் செருக வேண்டும். இடமும் வலமுமாக மெல்ல அசைத்து அசைத்து, கைப்பிடி பாட்டிலின் வாயைத் தொடும்வரை இறக்குங்கள். பிறகு திருகிக்கொண்டே மேலே இழுங்கள். நேராக இழுக்கக் கூடாது. தகடு மட்டும் கழன்று வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: தக்கை ஏற்கெனவே தளர்ந்திருந்தால் தகடுகள் அதைப் பாட்டிலுக்குள் தள்ளிவிடும். அப்படித் தோன்றினால் முதலில் நீண்ட திருகாணியைத் தக்கையின் நடுவில் இறக்கி அதைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் தகடுகளைச் செருகுங்கள். இரண்டையும் சேர்த்தே செய்த கருவிகளும் உண்டு. பாதி உடைந்து உள்ளே நின்றால், திருகாணியைச் சாய்வாக, மிச்சமுள்ள துண்டு கண்ணாடியோடு அழுந்தும்படி இறக்கி இழுக்கலாம். அதுவும் முடியாமல் உள்ளே விழுந்துவிட்டதா? ஒயின் கெட்டுவிடவில்லை. வாசனையில்லாத மெல்லிய மஸ்லின் துணியிலோ நுண்ணிய வடிகட்டியிலோ வடித்துக்கொள்ளுங்கள். காப்பி வடிகட்டும் தாள் வேண்டாம், அதன் காகித வாடை ஒயினில் ஏறும்.

படி 5: தெளிவை இறுப்பது

திறந்ததும் ஒரு சிறு வாய் ஊற்றி முகருங்கள். அடைபட்டுக் கிடந்த மக்கல் வாடை முதலில் வரலாம். பத்து, பதினைந்து நிமிடத்தில் அது கலைந்துவிடும். அதை வைத்து முடிவுகட்டாதீர்கள்.

டிகாண்டரை, அதாவது ஒயினை இறுத்து வைக்கும் கண்ணாடிக் குடுவையை, ஒரு கையிலும் பாட்டிலை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, பாட்டிலின் கழுத்துக்கும் தோளுக்கும் பின்னால் வெளிச்சம் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுவத்தி பார்க்க அழகு. கைபேசி டார்ச் வேலைக்கு நல்லது. ஒரே சீராக, இடையில் நிறுத்தாமல் ஊற்றுங்கள். நிறுத்தி நிமிர்த்தினால் வண்டல் எழும்பும். கடைசியில் புகைபோல ஒரு மங்கல் தோளை நோக்கி நகர்வது தெரியும். அது கழுத்துக்குள் நுழையும் கணத்தில் நிறுத்துங்கள். அடியில் 40, 50 மில்லி மிஞ்சும். அதற்கு ஆசைப்பட்டுத்தான் பலர் மீதி 700 மில்லியையும் கலக்கிவிடுகிறார்கள்.

இறுப்பது வண்டலைப் பிரிக்க மட்டுமே, காற்றூட்ட அல்ல. இளம் ஒயினுக்குச் சொல்லும் ‘இரண்டு மணி நேரம் டிகாண்டரில் வை’ என்ற யோசனை இங்கே ஆகாது. குடிப்பதற்குச் சற்று முன்பாகவே இறுங்கள். நாற்பது வயதைத் தாண்டிய பினோ நுவார் (பர்கண்டியின் சிவப்புத் திராட்சை) போன்ற நலிந்த ஒயினை டிகாண்டரில் விடாமல் நேரே கோப்பைகளில் ஊற்றுவதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. அப்படிச் செய்தால் எல்லாக் கோப்பைகளையும் வரிசையாக வைத்து, பாட்டிலை நிமிர்த்தாமல் ஒரே சாய்வில் ஊற்றி முடிக்க வேண்டும்.

ஆளுக்கு 60 மில்லி என்றால் ஒரு பாட்டில் பதினொரு பேருக்கு வரும்.

படி 6: பார்ப்பது

கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து நடுவையும் விளிம்பையும் ஒப்பிடுங்கள். இளமையில் ஊதா கலந்த மாணிக்கச் சிவப்பு. வயதாக ஆக விளிம்பு செங்கல் நிறத்துக்கும் பிறகு பழுப்புக்கும் போகும். விளிம்பில் பழுப்பு இருப்பது வயது. நடுவரைக்கும் பழுப்பாகி ஒளியிழந்திருந்தால் காலம் கடந்துவிட்டது. ஆனால் நெபியோலோ இளமையிலேயே வெளிறிய செங்கல் சாயல் காட்டும். அதன் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

படி 7: முகர்வது

சுழற்றாமல் முதலில் ஒரு முறை முகருங்கள். சட்டென்று பறந்துவிடும் மணங்கள் அப்போதுதான் சிக்கும். பிறகு ஒன்றிரண்டு மென்மையான சுழற்சி. புதுப்பழ வாசனையைத் தேடாதீர்கள், அது போய் வெகுநாளாகியிருக்கும். அந்த இடத்தில் உலர்ந்த அத்தி, பதனிட்ட தோல், புகையிலை, தேவதாரு மரம், காளான், ஈர இலைச்சருகு என்று வரும். பரோலோவில் காய்ந்த ரோஜாவும் சாலை போடும் தாரும் சேர்ந்து வருவது பெயர்போனது.

கெட்ட வாடைகளைப் பிரித்தறிவது இன்னும் முக்கியம். நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் தக்கைக் கேடு. டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மத்தின் வேலை அது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். காத்திருந்தால் போகாது, கூடத்தான் செய்யும். அடிபட்டுப் பழுப்பேறிய ஆப்பிள் வாடை, மணம் முழுக்க வால்நட் மட்டுமே என்றால் காற்றுப் புகுந்திருக்கிறது. வினிகரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் லேசாக எட்டிப்பார்த்தால் பொறுத்துக்கொள்ளலாம், மூக்கைத் துளைத்தால் முடியாது. எரிந்த தீக்குச்சி, அவித்த முட்டை வாடை மட்டும் காற்றுப் பட்டால் பெரும்பாலும் கலையும்.

படி 8: வாயில்

10 முதல் 15 மில்லி போதும். நாக்கு முழுக்கப் பரவவிட்டு, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உறிஞ்சுங்கள். மூன்று கேள்விகள். புளிப்பு: கன்னத்தின் ஓரத்தில் எச்சில் எவ்வளவு ஊறுகிறது? துவர்ப்பு: ஈறுகளை இழுத்துப் பிடிக்கிறதா, பட்டுப்போல வழுக்குகிறதா? நடு நாக்கு: இனிப்பல்லாத ஒரு பழ இனிமை மிச்சமிருக்கிறதா, வெறும் புளிப்புநீராக இருக்கிறதா? மூன்றாவதுதான் ஒயின் உயிரோடு இருக்கிறதா என்பதைச் சொல்லும். துவர்ப்பு மட்டும் வறட்டுத்தனமாக மிஞ்சி, பழம் காணாமற்போயிருந்தால், இன்னும் பத்து வருடம் வைத்திருந்தாலும் அது திரும்பி வராது.

விழுங்கியபின், அல்லது துப்பியபின், சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள். ஐந்து நொடி சாதாரணம். பதினைந்தைத் தாண்டினால் நல்ல ஒயின் கையில் இருக்கிறது.

படி 9: கடிகாரம்

ஊற்றிய உடன், 15 நிமிடத்தில், 30 நிமிடத்தில், ஒரு மணி நேரத்தில் என நான்கு முறை முகர்ந்து, நேரத்தோடு இரண்டு வரி குறித்து வையுங்கள். சில ஒயின் அரை மணியில் மலரும். சில இருபது நிமிடத்தில் கண்ணெதிரே சரியும். முதல் மடக்கிலேயே உச்சத்தில் இருப்பதாகப் பட்டால் கோப்பையில் விட்டுவைக்காதீர்கள். இளம் ஒயினும் அன்று இருந்தால் பழையதை முதலில் சுவையுங்கள். அதன் மெல்லிய குரல், டானின் நிறைந்த இளசுக்குப் பிறகு கேட்கவே கேட்காது.

மறுநாளைக்கு எடுத்து வைக்கும் சரக்கல்ல இது. பாட்டிலின் அடியில் மிஞ்சிய கலங்கலை மஸ்லின் துணியில் வடித்து சமையலில் ஊற்றிக்கொள்ளலாம். டிகாண்டரை சோப்பில்லாமல் வெந்நீரில் அலசிக் கவிழ்த்துவிடுங்கள்.