சிட்னித் துறைமுகக் கரையில் திறந்தவெளித் திரைப்படம்: முதன்முறை செல்வோருக்கு

சிட்னியில் கோடையின் பிற்பாதியான ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், தாவரவியல் பூங்காவை ஒட்டிய மிஸஸ் மக்குவாரிஸ் பாயிண்ட் கரையில் ‘வெஸ்ட்பேக் ஓப்பன்ஏர்’ என்ற திறந்தவெளித் திரையரங்கு நடைபெறுகிறது. சுமார் 350 சதுர மீட்டர் பரப்புள்ள அதன் திரை, வெளிச்சம் இருக்கும்வரை நீர்மட்டத்தையொட்டித் தாழ்ந்திருந்து, படம் தொடங்கும் வேளையில் ஹைட்ராலிக் விசையால் நிமிர்ந்து எழுகிறது. அதுவரை ஓபரா ஹவுஸும் துறைமுகப் பாலமும் மறைவின்றித் தெரியும் என்பதால், எந்தப் படம் என்பதைவிட எந்த நாள், எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வது என்பதை முதலில் தீர்மானிப்பதே நல்லது. சுமாரான படம்கூட அங்கே ஒப்பேறிவிடும். கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் அமர்ந்தால் நல்ல படமும் பாதிதான்.

ஜனவரித் தொடக்கத்தில் அங்கே சூரியன் மறைய இரவு 8:10 ஆகிவிடும். பிப்ரவரி இறுதியில் ஏறத்தாழ 7:35. இருட்டிய பிறகே திரையிட முடியும் என்பதால், ஜனவரியில் இரண்டு மணி நேரப் படம் முடிந்து வீடு திரும்ப நள்ளிரவை நெருங்கலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் பள்ளி விடுமுறை முடிவதற்குள் போய்விடுவது வசதி. பெரியவர்கள் மட்டும் என்றால் பிப்ரவரியே என் தேர்வு.

நல்ல நாள்களுக்கான இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், விற்பனை தொடங்கியவுடன் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அப்போது வானிலை முன்னறிவிப்பு எதுவும் கையில் இருக்காது. மழை பெய்தாலும் காட்சி நடக்கும். குடை விரித்தால் பின்வரிசையில் இருப்பவருக்குத் திரை மறையும், ஆகவே தலைமூடியுள்ள மழைக்கோட்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மழையைவிட அதிகம் கவனிக்க வேண்டியது, அவ்வூரார் ‘சதர்லி பஸ்டர்’ என்று சொல்லும் தென்காற்று. பகலெல்லாம் 35 டிகிரி கொளுத்திய நாளில், மாலையில் திடீரென்று அது வீசத் தொடங்கினால், சில நிமிடங்களிலேயே வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் இறங்கிவிடுவதுண்டு. அரைக்கைச் சட்டையோடு நீரோரத்தில் அமர்ந்திருப்பவருக்குப் படத்தின் பிற்பாதி நடுக்கத்திலேயே கழியும். புறப்படுமுன் வானிலைத் துறையின் அறிவிப்பில் ‘தெற்கிலிருந்து மாற்றம்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு, இல்லாவிட்டாலும் ஒரு ஸ்வெட்டரையோ கனமான சால்வையையோ எடுத்துச் செல்லுங்கள். இருக்கைகள் மேற்குப் பக்கம் நோக்கியவை, மாலை வெயில் கண்ணில் அடிக்கும். ஆகவே கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். அதே பையில் ஸ்வெட்டரும் கறுப்புக் கண்ணாடியும் இருப்பதுதான் சிட்னிக் கோடையின் இலட்சணம்.

உணவும் பானமும் உள்ளேயே கிடைக்கும், விலை சற்றுக் கூடுதல்தான். வீட்டிலிருந்து எதைக் கொண்டுவரலாம் என்பதைச் சீட்டோடு வரும் நிபந்தனைகளில் முன்னரே வாசித்துவிடுவது வாசலில் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

வாகன நிறுத்துமிடம் தேடி அலைவதைவிட ரயிலில் வருவதே எளிது. செயின்ட் ஜேம்ஸ் நிலையத்தில் இறங்கி, செயின்ட் மேரிஸ் பேராலயத்தையும் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தையும் கடந்து, மிஸஸ் மக்குவாரிஸ் சாலையில் நடந்தால் இருபது நிமிடங்களில் சேரலாம். பொழுதிருந்தால் கரையின் முனை வரை சென்று, ஆளுநர் லாக்லன் மக்குவாரியின் மனைவி எலிசபெத்துக்காக 1810-இல் கைதிகளைக் கொண்டு மணற்பாறையில் செதுக்கப்பட்ட இருக்கையையும் பார்த்துவிடலாம். ஓபரா ஹவுஸ் பக்கமிருந்து பூங்காவின் ஊடாக வரும் வழி கண்ணுக்கு இனியது, ஆனால் பூங்காவின் கதவுகளை மாலை முடியுமுன்னே பூட்டிவிடுவார்கள். வந்த வழியே திரும்பலாம் என்று எண்ணாமல், படம் முடிந்ததும் கூட்டத்தோடு சாலைவழியாகக் கலைக்கூடத்தை நோக்கி நடந்து, கடைசி ரயிலின் நேரத்தை முன்கூட்டியே கைப்பேசியில் பார்த்து வைத்திருங்கள்.