பீகாக் பாஸ் பிடிக்கப் போகிறீர்களா?

முதலில் ஒன்று: இந்த மீன் நம் சிங்கப்பூர் மீன் இல்லை. தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தது, வாலடியில் கண் போல ஒரு கரும்புள்ளி இருக்கும், அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம்.

நீர்த்தேக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் தூண்டில் போட முடியாது. அனுமதித்த இடத்துக்கு அறிவிப்புப் பலகை இருக்கும், லோயர் சிலேத்தாரிலும் பெடோக்கிலும் அப்படி இடம் உண்டு. உயிருள்ள இரை கூடாது, செயற்கை இரைதான். பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் என்பதால் விடிந்ததும் போய், கரையோரம் மூழ்கிய மரம், பாறை ஓரமாகச் சின்ன மீன் போன்ற இரையை வேகமாக இழுத்துப் பாருங்கள்.

சரி, மாட்டிவிட்டது. அப்புறம்? தயவுசெய்து வாளியில் போட்டு வேறு நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோய் விடாதீர்கள். "அங்கேயும் பிடிக்கலாமே" என்ற ஆசையில் செய்வதுதான் பெரிய கேடு, இது சின்ன மீன்களை விழுங்கியே வளரும், புது இடத்தில் உள்ளூர் மீனுக்கு இதனிடமிருந்து தப்பிக்கப் பழக நேரம் கிடைக்காது. அனுமதியில்லாமல் விலங்குகளை விடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. வீட்டுக்குக் கொண்டுபோய் வறுத்துச் சாப்பிடுங்கள், சதை நன்றாகவே இருக்கும்.

அறுந்த தூண்டில் நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், நீர்நாயும் பறவையும் அதில் சிக்கிக்கொள்ளும்.