வெளியே திரிந்த வயது போன பூனையை வீட்டுக்குள் வைக்கும்போது விடும் பிழைகள்

"வயது போன பூனைதானே, நாள் முழுக்கப் படுத்துத்தானே கிடக்குது, கதவைச் சாத்தினால் சரி." கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் தொடர்மாடிக்குக் குடிபோகிறவர்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். முற்றம் உள்ள வீட்டை விட்டாயிற்று. காலி வீதி என்ற பெருந்தெருவின் வாகனங்களுக்கு நடுவே 12 வயதுப் பூனையைக் கைவிடவும் மனம் வராது. கூட்டி வந்தது சரியான முடிவுதான். பிழைகள் அதன் பிறகு தொடங்குகின்றன.

முதல் பிழை, பூனை மலசலம் கழிக்க வைக்கும் மண் தட்டில். வாழ்நாள் முழுக்க மதிலோர மண்ணைக் கிளறிப் பழகியதன் முன்னால் வாசனை போட்ட பூனை மணலை ஒரே நாளில் வைக்கிறோம். அது திரும்பியும் பாராமல் மெத்தையில் போகிறது. 'வேணுமெண்டு செய்யுது' என்று ஏசுகிறோம். முதலில் தோட்டத்து மண்ணையே போடுங்கள். பிறகு வாசனையில்லாத மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, சில கிழமைகளில் மாற்றலாம்.

தட்டின் விளிம்பையும் கவனியுங்கள். வயது போன பூனைகளுக்கு மூட்டு வருத்தம் சாதாரணம், ஆனால் அவை நொண்டிக் காட்டுவது குறைவு. முன்கால்களை உள்ளே வைத்துவிட்டு, பின்காலைத் தூக்க யோசித்து நிற்கும். பிறகு அப்படியே இறங்கிக் கதிரைக்குக் கீழே போய் இருந்துவிடும். பிளாஸ்டிக் பேசினின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கினால் வேலை முடிந்தது. ஒரு பூனைக்கு இரண்டு தட்டு நல்லது. சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

இதைவிட ஆபத்தான பிழை, வருத்தத்தை 'இன்னும் பழகேல்லை' என்று விட்டுவிடுவது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலே மிருக வைத்தியரிடம் கேளுங்கள். பட்டினி நீண்டால், முக்கியமாகக் கொழுத்த பூனைகளுக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே வினையாகும். தண்ணீர் அதிகம் குடித்தால் சிறுநீரகமோ சர்க்கரையோ காரணமாக இருக்கலாம். இரவில் கத்துவது தைரொயிட் சுரப்பிக் கோளாறாலும் இருக்கலாம், இரத்த அழுத்தத்தாலும் இருக்கலாம், காது கேளாததாலும் இருக்கலாம். கடுவன் பூனை முக்கி முக்கிச் சலம் வராமல் தவித்தால் விடியும்வரை பொறுக்கக் கூடாது. என்னைக் கேட்டால், கதவைச் சாத்த முன்னரே ஒருக்கால் இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. வீட்டுக்குள்தானே என்று விசர்நோய்த் தடுப்பூசியை நிறுத்தவும் வேண்டாம்.

வருத்தம் இல்லாமலே கத்தினால்? விடியப்புறம் நான்கு மணி, பக்கத்து வீட்டார் எழும்பிவிடுவார்கள் என்ற பயத்தில் ஒரு நாள் கதவைத் திறந்து விடுகிறோம். கத்தினால் கதவு திறக்கும் என்று அது படித்துக்கொள்கிறது. அடுத்த நாள் இன்னும் கூடுதல் நேரம் கத்தும். அதற்கென்று ஒரு நேர அட்டவணை உண்டு: மீன்காரர் கூப்பிடும் நேரம், மதிலில் வெயில் விழும் நேரம். அதைப் பறிக்காமல் உள்ளே கொண்டுவாருங்கள். அதே நேரத்துக்குச் சாப்பாடு, வெயில் விழும் யன்னலோரம் படுக்கை, ஏறுவதற்கு ஒரு முக்காலி, படுக்கமுன் கயிறு இழுத்துச் சின்ன விளையாட்டு. பல்கனிக்கு இறுக்கமான வலை அடிக்காமல் கதவைத் திறந்து வைக்காதீர்கள். மதில் ஏறின பூனை விழாது என்பது வெறும் நம்பிக்கை.

இனி வீட்டிலுள்ள நஞ்சுகள். மூட்டு நோகுதென்று பனடோல் கொடுக்கவே கூடாது. அரைக் குளிசையே பூனையைக் கொல்லலாம். டெட்டோல் போட்டுத் துடைத்த நிலத்தில் நடந்து பாதத்தை நக்கினாலும் கேடு. பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி கலந்த, நாய்க்குரிய தெள்ளு மருந்தும் அப்படியே. வெங்காயம் போட்ட மீன்குழம்புச் சோறும் வேண்டாம்.

நகத்தை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். மரமும் மதிலும் இல்லாததால் நகம் தேயாது. வயது போனால் தடித்து, வளைந்து, பாதத்துச் சதைக்குள்ளேயே ஏறிவிடும். அரிசிச் சணல் சாக்கைப் பலகையில் சுற்றி, நகம் தேய்க்க நிமிர்த்தி வையுங்கள். கிழமைக்கு ஒருக்கால் ஒவ்வொரு விரலையும் மெல்ல அமத்திப் பாருங்கள், கட்டைவிரல் நகத்தையும் சேர்த்து. அது நிலத்தில் முட்டாததால் முதலில் வளைவது அதுதான்.