அடிபட்டது மண்டையில், ஏறியது சீனி: எலி ஆய்வு அட்டவணையை வாசிக்கப் பழகுவோம்

"சேர், அப்பாவுக்குச் சலரோகமே இல்லை. லாண்ட்மாஸ்ரரால விழுந்து மண்டையில அடி. ஆஸ்பத்திரியில சீனி இருநூற்றிச் சொச்சம் எண்டுறாங்கள். மெசின் பிழையோ?"

கிளிநொச்சியில் ரியூசன் முடிந்து சைக்கிளை எடுக்கப்போன பெடியன் ஒருவன் கேட்டது இது. (லாண்ட்மாஸ்ரர் என்றால் இரண்டு சில்லு உழவு மெசின்.) மெசின் பிழையில்லை. ஏன் என்று காட்ட எலிகளில் செய்த ஆய்வொன்றின் அட்டவணையை நீட்டினேன். இரண்டு நிமிசத்தில் திருப்பித் தந்துவிட்டான். இந்தப் பதிவு அவனுக்கும் அவனைப்போல ஆட்களுக்கும். எலியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். ஒரு பேனை போதும்.

படி 1: எப்படி அடித்தார்கள் என்று பாருங்கள்

எண்களுக்குப் போகமுதல் செய்முறைப் பகுதியைத் தேடுங்கள். 1994இல் மர்மறூ குழுவினர் விவரித்த முறை பெயர்போனது: மயக்கிய எலியின் மண்டையோட்டில் ஓர் உலோகத் தட்டை ஒட்டி, 450 கிராம் பாரத்தை 2 மீற்றர் உயரத்திலிருந்து விழுத்துவது. மூளை முழுக்கக் குலுங்கும். வேறு சிலர் மண்டையோட்டைத் திறந்து ஒரு புள்ளியில் மட்டும் இடிப்பார்கள். முதலாவது லாண்ட்மாஸ்ரரால் விழுவதற்குக் கிட்ட, இரண்டாவது கல் பட்டதற்குக் கிட்ட. இரண்டின் இரத்த முடிவையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள்.

படி 2: அடிபடாத எலியை முதலில் வாசியுங்கள்

எல்லாரும் கண்ணை நேரே "காயம்" நிரலில் வைப்பார்கள். நான் சொல்வது, அதைக் கையால் மறையுங்கள். "ஷாம்" என்றொரு நிரல் இருக்கும். மயக்கம், வெட்டு, தையல் எல்லாம் நடந்து, அடி மட்டும் விழாத எலிகள் அவை. அதற்குப் பக்கத்தில், ஒன்றுமே செய்யாத எலிகளின் நிரலும் சிலவேளை இருக்கும்.

பயிற்சிக்காக நானே மூன்று எண் போடுகிறேன். எந்த ஆய்விலிருந்தும் எடுத்ததல்ல. ஒன்றும் செய்யாத எலிகளின் குளுக்கோசு 110, ஷாம் 160, அடிபட்டவை 230. அடியால் எவ்வளவு ஏறியது? 120 என்று சொன்னால் பிழை. 50 ஏறியது மயக்கமருந்தாலும் பிடித்த பயத்தாலும் கத்தியாலும். கெற்றமீன், சைலசீன் என்ற மயக்கமருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தாலே எலிக்குச் சீனி ஏறும். அடியின் பங்கு 70தான். ஷாம் இல்லாத அட்டவணை என்றால் நான் அந்த இடத்திலேயே மூடி வைத்துவிடுவேன்.

(அலகையும் பாருங்கள். மில்லிமோலில் போட்டிருந்தால் 18ஆல் பெருக்க நம் ஊர் மில்லிகிராம் கணக்கு வரும்.)

படி 3: சீனி ஏன் ஏறுகிறது

இதில் கொஞ்சம் நிற்போம்.

1849இல் பிரான்சில் குளோட் பெர்னாட் முயலொன்றின் பின்மூளைப் பக்கம், நான்காவது மூளையறையின் தரையில் ஊசியால் குத்தினார். கொஞ்ச நேரத்தில் முயலின் சிறுநீரில் சீனி. இன்சுலின் சுரக்கும் சதையியைத் (கணையத்தை) தொடவேயில்லை, குத்தியது மூளையில்.

ஈரலை இரணைமடுக் குளமாக நினையுங்கள். கிளைக்கோசன் என்ற பெயரில் சீனி அங்கே தேங்கி நிற்கிறது. மூளையில் அடி விழுந்ததும், ஆபத்தில் உடம்பை உசுப்பும் பரிவு நரம்புகள் விழித்து, அதிரீனற் சுரப்பி அதிரினலினைக் கொட்டும். வான்கதவு திறபடும், கிளைக்கோசன் குளுக்கோசாகி இரத்தத்துக்குள் பாயும். அதே அதிரினலின் சதையிக்குப் போய் இன்சுலினையும் அமத்திப்பிடிக்கும். குளத்துக் கதவு திறந்திருக்க வயல் மடை பூட்டிக் கிடந்தால் தண்ணி வாய்க்காலில்தானே முட்டி நிற்கும்? இரத்தத்தில் சீனியும் அப்படித்தான். மனிதரில் கோட்டிசோல், எலியில் கோட்டிக்கோஸ்ரெரோன் என்ற ஓமோன்களும் இதைப் பிறகும் இழுத்துப் பிடிக்கும். எலி ஆய்வில் "கோட்டிசோல் குறைவு" என்று யாராவது அதிசயப்பட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். எலிக்கு முதன்மையானது மற்றது.

சீனி உடையும்போது வரும் லக்ரேற்றும் கூட ஏறும், அதற்கும் அதிரினலின் ஒரு காரணம். பொற்றாசியம் மட்டும் எதிர்ப்பக்கம்: அதிரினலின் அதைக் கலங்களுக்குள்ளே தள்ளுவதால் முதல் மணித்தியாலங்களில் இறங்கலாம்.

படி 4: எத்தனையாம் மணி?

சீனி மணித்தியாலக் கதை, சோடியம் நாட்கணக்குக் கதை. மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பிப் பக்கம் குழம்பி, நீரை மறிக்கும் ஓமோன் கூடிப்போனால் உடம்பில் தண்ணி தங்கிச் சோடியம் இறங்கும். அந்த ஓமோன் வராமல் நின்றால் சிறுநீராய்த் தண்ணி ஓடிச் சோடியம் ஏறும். ஒரே காயம், இரண்டு எதிர்த்திசை. ஆகவே நேரம் எழுதாத சோடியத்தை நம்பவேண்டாம்.

இன்னொன்று. 250 கிராம் எலியில் மொத்த இரத்தமே ஏறக்குறைய 16 மில்லிலீற்றர். ஒரே தரத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை, அதாவது 1.6. அதனால் 1ஆம் மணியும் 24ஆம் மணியும் பெரும்பாலும் வேறு வேறு எலிகள். கோடு போட்டு இணைத்த வரைபைப் பார்த்து ஒரே எலியின் கதை என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 5: குழாயைச் சந்தேகியுங்கள்

நான் ஆய்வுகூடத்தில் வேலைசெய்த காலம். ஆவணி வெயில், கிரவல் ரோட்டால் மோட்டார் சைக்கிளில் வந்த மாதிரி. மையநீக்கியில் சுற்றி எடுத்தால், வைக்கோல் நிறத்தில் நிற்கவேண்டிய நீர்ப்பாயம் செவ்வரத்தம்பூ ஊறிய தண்ணிபோல நிற்கிறது. செங்குழியங்கள் உடைந்திருந்தன. அவசரத்தில் பொற்றாசியம் உயர்வு, சீனி குறைவு என்று கையெழுத்தும் வைத்துவிட்டேன். டொக்டர் போனில் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, நிறத்தைப் பாத்தனீங்களோ?"

செங்குழியத்துக்குள் பொற்றாசியம் நிறைய. அது உடைந்தால் ஏறிய எண் உடம்பினுடையதல்ல, குழாயினுடையது. பிரிக்காமல் வைத்த இரத்தத்தில் கலங்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும்: சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 வீதம், நம் வெயிலில் இன்னும் வேகம். சாம்பல்மூடிக் குழாயில் புளோரைட்டு போடுவது இதற்காகத்தான். ஊதாமூடிக் குழாயில் இருப்பது ஈடிரிஏயின் பொற்றாசிய உப்பு. இரத்தம் உறையாமல் கல்சியத்தைக் கவ்விப் பிடிப்பது அதன் வேலை.

மூளைக்கே உரியவை என்று சொல்லும் புரதங்களிலும் இதே கண் வேண்டும். நரம்புக் கலங்களின் ஈனொலேசு செங்குழியத்திலும் உண்டு, குழியம் உடைந்தால் "மூளைக் காயம்" என்று பொய் சொல்லும். எஸ்100பி கொழுப்புக் கலத்திலிருந்தும் வரும். ஜிஎஃப்ஏபி, யூசிஎச்-எல்1 என்ற இன்னும் இரண்டு மூளைப் புரதங்களையும் இரத்தத்தில் சேர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது, தலையடிபட்ட வளர்ந்தவர்களில் யாருக்கு சி.ரி. ஸ்கான் வேண்டாம் என்று தீர்மானிக்க உதவுவதற்காக. ஸ்கானுக்கென்று அம்புலன்சில் ஏத்தி ஏ9 வீதியால் அனுப்பிப் பழகிய எங்களுக்கு அதன் அருமை விளங்கும்.

உங்களுக்கொரு கணக்கு

இதுவும் நான் போட்டதுதான். அடிபட்ட எலி, 24ஆம் மணி. பொற்றாசியம் ஷாமைவிட இரண்டு மடங்கு, கல்சியம் அரைவாசியிலும் கீழே, சோடியம் வழமை, நீர்ப்பாயம் தெளிந்த வைக்கோல் நிறம். எலியோ கூட்டுக்குள் எழும்பி நின்று கம்பியைக் கறண்டுகொண்டிருக்கிறது. எந்த நிற மூடியைத் தேடுவீர்கள்?