கோலாலம்பூர் முதல் பினாங்கு வரை: குடும்பப் பயணத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். நெரிசல் இல்லாத நாளில் நான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். இந்தக் கணக்கை நம்பித்தான் பலர் பத்து காஜா, ஈப்போ, கோலகங்சார், தைப்பிங் என வழியிலுள்ள எல்லா ஊரையும் ஒரே நாளில் அடுக்கி, மாலை ஆறு மணிக்கு ஜார்ஜ்டவுன் ஹோட்டலில் பெட்டியை இறக்கிவிடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். பாட்டியும் ஐந்து வயதுப் பேரனும் ஒரே காரில் வரும்போது, ஒவ்வொரு நிறுத்தமும் இறங்குவது, கழிவறை தேடுவது, தண்ணீர் வாங்குவது, மறுபடி ஏறுவது என்று முக்கால் மணி நேரத்தை விழுங்கிவிடும். ஊரைப் பார்ப்பது அதற்கு மேல்தான். ஒரு நாளைக்கு இரண்டு நிறுத்தங்கள், அவற்றில் ஒன்று இரவு தங்கும் ஊர். இதற்கு மேல் சேர்க்க வேண்டாம்.

அடுத்த தவறு, ஊர்களைத் தூரக் கணக்கில் மட்டும் வரிசைப்படுத்துவது. தைப்பிங் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெய்யும் ஊர் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். ஈப்போவில் மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் தைப்பிங் வருபவர்கள் ஏரிப் பூங்காவைக் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். ஈயச் சுரங்கமாகத் தோண்டிப் போட்ட நிலம் 1880இல் பூங்காவாக மாறியது. கரையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளை நீட்டி ஏரி நீரைத் தொடுவதைக் காலை எட்டு மணி வெயிலில் நடந்தபடி பார்க்க வேண்டும். ஆகவே முதல் நாள் மாலையே தைப்பிங் சென்று தங்கிவிடுங்கள். மறுநாள் காலையில் பூங்கா, பிறகு 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம். மழை வருவதற்குள் கிளம்பிவிடலாம். பினாங்குக்கு ஓடும் அவசரத்தில் பலர் இந்த ஊரை விட்டுவிடுகிறார்கள். வழியில் ஒரே ஓர் இரவுதான் தங்க முடியும் என்றால் நான் தைப்பிங்கைத்தான் சொல்வேன். இங்கிருந்து கோல செப்பெத்தாங் என்ற மீனவர் ஊர் பக்கம்தான். நாட்டின் முதல் ரயில் 1885இல் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில்தான் ஓடியது. அங்குள்ள கரிச்சூளைகளில் கண்டல் மரக் கட்டைகள் புகைவதைக் காட்டினால் பிள்ளைகள் கேள்வி கேட்டுத் துளைத்துவிடுவார்கள்.

பத்து காஜாவில் உள்ள கெல்லி மாளிகை விஷயத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, ஈப்போ வரை போய்விட்டுத் தெற்கே திரும்பி வருவது. கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் கோப்பேங் வெளிவழியில் இறங்கி, மாளிகையைப் பார்த்துவிட்டு ஈப்போவுக்குப் போனால் அந்த வீண் அலைச்சல் இல்லை. இரண்டாவது, மாளிகையோடு திரும்பிவிடுவது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி, தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களைக் கொண்டு அதைக் கட்டினார். நச்சுக் காய்ச்சலில் அவர்களில் பலர் மாண்டபோது, எஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோவில் வேண்டும் என்று கேட்டார்கள். அவரும் கட்டிக்கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1926இல் லிஸ்பனில் அவர் இறந்துபோக, மாளிகை பாதியில் நின்றது. கோவில் நிலைத்துவிட்டது. மாளிகையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் அந்தக் கோவிலில், தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளைக்காரத் துரை ஒருவரின் சிலையும் நிற்கிறது. அவர்தான் கெல்லி ஸ்மித் என்கிறார்கள். நம் குடும்பங்கள் அந்தச் சிலையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. மாளிகையில் மின்தூக்கிக்காக விட்ட இடம் வெறுமையாகவே இருக்கிறது, மேல்மாடிக்குப் படிகள்தான். மூட்டு வலி உள்ளவர்களைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறலாம்.

பினாங்குக்கு வந்தால், பழைய நினைவில் காரோடு பட்டர்வொர்த் படகுத்துறைக்குப் போகாதீர்கள். இப்போது படகில் கார் ஏற்றுவதில்லை. ஆட்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள் மட்டும்தான். கார் என்றால் 1985இல் திறந்த முதல் பாலம், அல்லது பத்து காவானிலிருந்து புறப்படும், 2014இல் திறந்த இரண்டாவது பாலம். ரயிலில் வருபவர்களுக்குப் படகுதான் நல்லது. படகுத்துறை ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது.

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டை மாற்றியமைத்த ஹோட்டல்களைப் படத்தில் பார்த்து மயங்கி முன்பதிவு செய்கிறார்கள். அழகுதான். ஆனால் பலவற்றில் மின்தூக்கி கிடையாது, மரப்படிகள் செங்குத்தானவை, கார் நிறுத்த இடமும் இல்லை. முதியவர்கள் வந்தால் கீழ்த்தள அறை உண்டா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நடந்து பார்ப்பதைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். குயின் தெரு மகா மாரியம்மன் கோவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், கருணைத் தாய் எனப்படும் சீனக் கோவில் மூன்றும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. நண்பகலில் போனால் மாரியம்மன் கோவிலில் நடை சாத்தியிருப்பார்கள். உச்சி வெயிலில் பிள்ளைகளும் நடக்க மறுப்பார்கள். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். அதையும் விடியற்காலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பினாங்கு வரை வந்தவர்கள் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கை விட்டுவிடுவது எனக்கு மனத்தாங்கல்தான். காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை தாக்கிய கடாரம் இந்தப் பகுதிதான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஆனால் எந்த முன்கதையும் சொல்லாமல் பிள்ளைகளை அழைத்துப் போனால், தஞ்சைப் பெரிய கோவில் அளவுக்கு எதையோ எதிர்பார்த்து வந்து ஏமாந்துபோவார்கள். பள்ளத்தாக்கின் அருங்காட்சியகம் இருக்கும் மெர்போக்கில் எஞ்சியிருப்பது கல் அடித்தளங்கள்தான். புக்கிட் பத்து பகாட் கோவிலின் மண்டபத் தளத்தில், தூண் நின்ற கற்களில் குழிகள் இருக்கின்றன. அங்கே மரத்தூண்கள் நின்றிருக்கும், மேலே கூரை இருந்திருக்கும் என்று காரில் வரும்போதே சொல்லி வையுங்கள். இறங்கியதும் அவர்களே குழிகளைத் தேடிப் போய் விரல் வைத்துப் பார்ப்பார்கள்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் அருங்காட்சியகமும் கடைகளும் மூடியிருக்கக்கூடும் என்பதால் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது. ஞாயிறு அங்கே வேலை நாள். கூட்டம் குறைவாக இருக்கும்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் உடன் வந்தால் மதிய உணவை ஈப்போ அல்லது ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் வருமாறு திட்டமிடுங்கள். கோல செப்பெத்தாங்கில் மீனும் இறாலும்தான். தைப்பூசத்தின்போது பினாங்கில் அறை கிடைப்பது கடினம். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி நாட்களை ஒட்டி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நான்கரை மணி நேரப் பயணம் எட்டு மணி நேரத்தைத் தொட்டாலும் வியப்பதற்கில்லை. வேறு வழியில்லை என்றால் அந்த நாட்களில் விடியுமுன் கிளம்பி, தஞ்சோங் மாலிம் தாண்டிய பிறகு காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்துங்கள்.