புகை வரவில்லை என்று பர்னரைக் கூட்டாதீர்கள்: வார்ம் மிக்ஸ் தார்ச்சாலையில் நடக்கும் தவறுகள்

தார்க் கலவை ஏற்றிய டிப்பர் வந்து நிற்கிறது. தார்ப்பாயை விலக்கியதும் குப்பென்று நீலப்புகை கிளம்பினால்தான் ரோடு போடும் ஆட்களுக்குத் திருப்தி. வார்ம் மிக்ஸ், அதாவது வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டில் தயாராகும் தார்க் கலவை, ஏற்றிய வண்டியில் அந்தப் புகை இருக்காது. உடனே “சரக்கு ஆறிப்போச்சு” என்று கலவை தயாராகும் பிளாண்டுக்குப் போன் போகும். அங்கே ஜல்லியைச் சூடாக்கும் பர்னரின் தீயைக் கூட்டிவிடுவார்கள். குறைந்த சூட்டுக்காகக் கலவையில் சேர்த்த மருந்துக்கும் செலவு, பர்னர் எண்ணெய்க்கும் செலவு. தெர்மாமீட்டரை விட்டுவிட்டுப் புகையை நம்புவதுதான் முதல் தவறு.

புகை குறைவதற்குத்தானே இத்தனை பாடும்? வழக்கமான ஹாட் மிக்ஸில், விஜி-30 என்ற தார் வகை என்றால் கலவை 150 முதல் 165 டிகிரி சூட்டில் தயாராகும். வார்ம் மிக்ஸில் அது 20 முதல் 40 டிகிரி வரை குறையும். (தார் என்று நாம் சொல்வது பிட்டுமென், நிலக்கரித் தார் வேறு. பேச்சு வழக்கு அப்படி, இருக்கட்டும்.) சூடு 12 டிகிரி இறங்கினால் தார்ப்புகை ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையில் புழங்கும் கணக்கு. சாலை போடும்போது எழும் அந்தப் புகையை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள 2பி பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கலவையைச் சாலையில் பரப்பும் பேவர் இயந்திரத்துக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

1990களின் கடைசியில் ஐரோப்பாவில் தொடங்கிய முறை இது. இந்தியாவில் 2014-இல், சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐஆர்சி), ஐஆர்சி எஸ்பி 101 என்ற இடைக்கால வழிகாட்டியை வெளியிட்டது. ஆனாலும் பலர் மனதில் இருப்பது “பர்னரைக் குறைச்சா வார்ம் மிக்ஸ்” என்பதுதான். வெறுமனே சூட்டைக் குறைத்தால் தார் கெட்டியாகி ஜல்லியில் சரியாகப் பூசாது, ரோலருக்கும் மசியாது. குறைந்த சூட்டிலும் கலவை இளகி இருக்க ஏதாவது செய்தாக வேண்டும். மெழுகு சேர்க்கலாம், ஜல்லியைத் தார் நன்றாக நனைக்க உதவும் ரசாயனம் சேர்க்கலாம், அல்லது கொஞ்சம் தண்ணீர் செலுத்தித் தாரை நுரைக்க வைக்கலாம். எதை எடுக்கிறோமோ அதற்கேற்ற குணத்தைத் தெரிந்துகொள்ளாமல் இறங்குவது அடுத்த தவறு. மெழுகு ஏறத்தாழ 100 டிகிரிக்கு மேல் உருகித் தாரை இளக்கும். ஆறும்போது உறைந்து கெட்டியாக்கும். அதனால் அது உறைவதற்குள் ரோலிங் முடிய வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்தக் கெட்டித்தன்மை சக்கரத் தடத்தில் பள்ளம் விழாமல் காக்கும். மலையில் குளிர் அதிகமான இடத்தில் அதே மெழுகை அளவு மீறிப் போட்டால் சாலையில் வெடிப்பு விழும். நுரைக்கு ஆயுள் குறைவு. தொலைதூரத்துக்கு அதை நம்பி அனுப்பக் கூடாது.

இனி பெரிய தவறுக்கு வருகிறேன். அது தண்ணீர்.

மழை விட்டு இரண்டு நாள் கழித்து பிளாண்டில் கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கும்போது கிடைக்கும் தூள்) குவியலைப் பாருங்கள். மேலே வெளுத்துக் காய்ந்திருக்கும். மண்வெட்டியால் ஒரு முழம் உள்ளே வெட்டினால் கறுத்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும். லோடர் அதையும் சேர்த்துத்தான் அள்ளிப் போடுகிறது. ஜல்லி 160 டிகிரி வரை போகும்போது இந்த ஈரம் பெரும்பாலும் ஆவியாகிவிடும். 125-இல் நிறுத்தினால் கல்லின் துளைகளுக்குள் கொஞ்சம் தங்கிவிடும். மேலே தார் பூசியாயிற்று, உள்ளே தண்ணீர். முதல் மழைக்காலத்தில் தார் கல்லை விட்டு உரியத் தொடங்கும். அப்புறம் சாலையில் வெறும் ஜல்லி சிதறிக் கிடக்கும், பழி வார்ம் மிக்ஸ் மேல் விழும்.

எரிபொருள் கணக்கிலும் இந்தத் தண்ணீர்தான் வில்லன். ஒரு டன் ஜல்லியை 30 டிகிரி கூடுதலாகச் சூடாக்க ஏறத்தாழ 27 மெகாஜூல் வெப்பம் வேண்டும். அதே ஒரு டன்னில் ஒரு சதவீதம் ஈரம் இருந்தால் 10 லிட்டர் தண்ணீர். அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்க 25 மெகாஜூலுக்கு மேல் ஆகும். அதாவது மருந்து வாங்கி, ஆட்களைப் பழக்கி, 30 டிகிரி குறைத்து மிச்சம் பிடிப்பதை, குவியலில் ஒரே ஒரு சதவீத ஈரம் தின்றுவிடும். என்னைக் கேட்டால் மருந்துக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகை போடுங்கள் என்பேன். எல்லாக் குவியலுக்கும் முடியாது என்றால் டஸ்டுக்கு மட்டுமாவது. ஈரம் அதிகம் பிடிப்பது அதுதான். தரையைச் சரிவாகக் காங்கிரீட் போட்டால் அடித்தண்ணீர் வடிந்துவிடும். மழைக்காலத்தில் ஜல்லியைக் காய வைக்கும் டிரம்முக்குள் அனுப்பும் அளவைக் குறைத்து, காய நேரம் கொடுக்க வேண்டும்.

பர்னரைச் சரிபார்க்காமல் தீயை மட்டும் இறக்குவதும் நடக்கிறது. சரியாக எரியாத எண்ணெய் ஜல்லியில் படிந்து கலவையையே கெடுக்கும். புகைபோக்கிக்குப் போகும் காற்று ரொம்ப ஆறிப்போனால் தூசி வடிகட்டும் பைகளில் ஆவி நீராகி, தூசி சேறாக அப்பிக்கொள்ளும்.

பரிசோதனைக் கூடத்தில் நடக்கும் தவறு வெளியே தெரியாது. மாதிரிக் கட்டிகளைப் பழக்கத்தில் 150 டிகிரியிலேயே அடித்துப் பார்த்து, பாஸ் என்று எழுதிவிடுவார்கள். சாலையில் இறுகப்போவது 115 டிகிரியில்! எந்தச் சூட்டில் கலந்து இறுக்கப் போகிறோமோ அதே சூட்டில்தான் மாதிரியும் செய்ய வேண்டும். இறுக்குவதற்கு முன் அந்தச் சூட்டிலேயே இரண்டு மணி நேரம் அடுப்பில் வைக்க வேண்டும். தண்ணீரில் ஊறிய பிறகு இழுவிசை வலிமை 80 சதவீதமாவது மிஞ்சுகிறதா என்ற சோதனையை வார்ம் மிக்ஸுக்கு மட்டும் தள்ளிப்போடவே கூடாது. தேறவில்லை என்றால் நீற்றிய சுண்ணாம்பு போன்ற பிடிமானப் பொருள் சேர்க்க வேண்டியிருக்கும்.

களத்தில் ஒரு அலட்சியம் உண்டு. “இதுதான் குறைந்த சூட்டிலும் இறுகுமே” என்று தார்ப்பாய் மூடாமல் வண்டியை அனுப்புவார்கள், ரோலர் டிரைவர் டீ குடித்துவிட்டு வருவார். சூடு குறைவாகவே கிளம்பிய சரக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. டிப்பரிலும் பேவருக்குப் பின்னாலும் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். பழைய சாலையைச் சுரண்டிய துகள்களை அதிகம் சேர்ப்பதிலும் கவனம் தேவை. கிழடுதட்டிய தார் குறைந்த சூட்டில் இளகாமல் கறுப்புக் கல்லாகவே நின்றுவிடும்.

கடைசியாக, கணக்கு எழுதும் தவறு. மருந்து போட்டுவிட்டு, தூரமான வேலைக்காக 155 டிகிரியிலேயே அனுப்புவது தவறில்லை. ரோலருக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனால் அதையே “கார்பன் குறைத்தோம்” என்றும் எழுதினால் எப்படி? சூடு குறையவில்லை, எண்ணெயும் குறையவில்லை. குறைந்ததா என்று பார்க்க, ஒரு மாதம் ஹாட் மிக்ஸுக்கும் ஒரு மாதம் வார்ம் மிக்ஸுக்கும் டன்னுக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் போனது என்று பிளாண்ட் பதிவேட்டில் எழுதி வையுங்கள். பக்கத்துக் கட்டத்தில் அன்றைய டஸ்டின் ஈரத்தையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் வெயில் மாதத்தின் மிச்சத்தை மருந்தின் கணக்கில் வரவு வைத்துவிடுவீர்கள்.