ஐந்து விழுமியங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கீழ்த்தள விருந்து

1991 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் ஐந்து பொது விழுமியங்களை ஏற்றபோது என் மகளுக்கு ஏழு வயது. சமூகத்துக்கு முன் நாடு, தன்னைவிடச் சமுதாயம் மேல்; சமுதாயத்தின் அடிப்படை குடும்பம்; சமூக ஆதரவும் தனிமனிதரை மதிப்பதும்; மோதாமல் இணங்குவது; இன, சமய நல்லிணக்கம் என்பவை அவை. வரிசையாக மனப்பாடம் செய்யவைத்தேன். ஒரே வாரத்தில் மறந்துவிட்டாள். பேரப்பிள்ளைகளுக்கு இப்போது சாப்பாட்டோடு சொல்கிறேன்.

இன நல்லிணக்க நாளான ஜூலை 21-ஐ ஒட்டிய சனிக்கிழமைக்கு உங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தை நகர மன்றத்தில் முன்பதிவு செய்யுங்கள். சீன, மலாய், தமிழ்க் குடும்பங்களாக ஆறேழு வந்தால் போதும்.

சமைக்குமுன் கேளுங்கள். பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து வீடுவீடாக அனுப்புங்கள். மலாய் வீட்டாருக்கு ஹலால் கோழி வாங்கினால் மட்டும் ஆகாது, சட்டி கரண்டியும் பார்க்க வேண்டும். ஆகவே பிரியாணியை ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் சொல்லிவிடுங்கள். சீன மாதத்தின் 1, 15ஆம் நாள்களில் சைவம் மட்டுமே சாப்பிடும் ஆன்ட்டிகள் உண்டு. கருணைத் தெய்வமான குவான் யின்னை வணங்குவோரில் பலர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். தனிமனிதரை மதிப்பது என்றால் என்ன என்று அந்த நோட்டை எழுதிமுடிக்கும்போது பிள்ளைக்கே புரிந்துவிடும்.

சாப்பிட்டதும், இருப்பதில் மூத்தவரை 1964 பற்றிப் பேசச் சொல்லுங்கள். அந்த ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் மூண்ட சீன-மலாய்க் கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்தவர் பேசும்போது யாரும் குறுக்கிடக் கூடாது. அப்புறம் நீங்கள் ஜூரோங்கைப் பற்றிச் சொல்லுங்கள். 1961இல் தொடங்கிய தொழிற்பேட்டை அது. வெட்டும் குத்துமாக இருக்கிற ஊரில் யார் ஆலை போடுவார்? இயற்கை வளமே இல்லாத தீவுக்கு அமைதிதான் மூலதனம். என் அப்பாவுக்கு வேலை கிடைத்ததும் அப்படித்தான்.

1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை வீடுகள் வரை வைத்திருக்கலாம் என்ற இனவாரி வரம்பு இருப்பதையும் சொல்லுங்கள். அதனால்தான் இந்த மூன்று இனத்தாரும் ஒரே மின்தூக்கியில் ஏறுகிறார்கள். வீடு விற்கும்போது சிறுபான்மையினருக்கு அது சிரமம் தருவதையும் மறைக்காதீர்கள்.

நாலாவது விழுமியம், மோதாமல் பேசி இணங்குவது. அதற்கு நிஜமான தகராறு ஒன்றை எடுங்கள். எங்கள் புளோக்கில் சீன ஏழாம் மாதத்தில் இறந்தவர்களுக்காகக் காகிதம் எரிக்கும் புகை, காயும் துணியில் படிந்தது. எரிக்கும் நாளை முன்கூட்டியே சொல்வது, அதற்கென வைத்த தொட்டியில் மட்டும் எரிப்பது, அன்று நாங்கள் துணி காயப்போடாமல் இருப்பது என்று பேசி முடித்தோம். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

கிளம்புமுன் எல்லோருமாகத் தரையைக் கூட்டிக் கழுவுங்கள். காலையில் துப்புரவுக்கு வருபவர் நம் எச்சிலைப் பொறுக்கக் கூடாது.